கொக்கோ-பழக் கொம்புச்சா: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சாக்லெட் மணம், பழப் புளிப்பு, நாக்கில் சுருக்கென்று ஏறும் கேஸ். இந்த மூன்றும் ஒரே கிளாஸில் வேண்டுமென்று வெளிநாடுகளில் வீட்டிலேயே லாகர் பீர் காய்ச்சுகிறார்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அதே சுவைச் சேர்க்கையைக் கொம்புச்சாவில், அதாவது சர்க்கரைத் தேநீரைப் புளிக்கவைத்து எடுக்கும் பானத்தில், கொண்டுவரலாம், அதற்குக் கொங்கு நாட்டைவிடத் தோதான இடம் கிடையாது. தேயிலை நீலகிரியிலிருந்து வருகிறது. கொக்கோ பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. மாம்பழத்துக்குச் சேலம், திராட்சைக்குத் தொண்டாமுத்தூர். கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீரும் உண்டு.

பொருள் எல்லாம் பக்கத்தில் கிடைத்தும் பலருக்கு இது கைகூடாமல் போவதற்கு முக்கியக் காரணம் நம் ஊர் வெயில். வெப்பம் ஏற ஏற ஈஸ்ட் முந்திக்கொள்கிறது, அமிலம் தரும் பாக்டீரியா பின்தங்குகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பல இந்த ஒரு சமநிலை குலைந்ததால் வருபவைதான். வேறு சில கொக்கோவால் வருபவை.

அளவும் வரிசையும்

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான். 5 லிட்டர் கண்ணாடி ஜாடியில் 4 லிட்டர் வைக்க: தண்ணீர் 3.5 லிட்டர், நீலகிரி இலைத் தேயிலை 20 முதல் 24 கிராம், வெள்ளைச் சர்க்கரை 240 கிராம், போன ஈட்டில் நன்றாகப் புளித்த கொம்புச்சா 400 முதல் 500 மில்லி, ஒரு ஸ்கோபி (ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளரும் வழவழப்பான தட்டு). அந்தப் பழைய கொம்புச்சாவை இங்கே உறை என்றே சொல்வோம். தயிருக்கு உறை செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. தேயிலையைக் கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடித்து, சர்க்கரை கரைத்து, 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிய பிறகே உறை ஊற்றி, ஸ்கோபியைப் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டிப் புளிக்கவிட வேண்டும்.

ஜாடியில் புளித்து முடிந்ததும் ஸ்கோபியையும் அடுத்த ஈட்டுக்கு வேண்டிய உறையையும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மீதிக் கொம்புச்சாவில் லிட்டருக்கு 20 கிராம் வறுத்து உடைத்த கொக்கோப் பருப்பைப் போட்டு ஃபிரிட்ஜில் 24 முதல் 36 மணி நேரம் வைத்து, வெள்ளைத் துணியில் வடியுங்கள். பிறகு லிட்டருக்கு 50 முதல் 80 மில்லி பழச்சாறு சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, கேஸ் ஏறும்வரை வெளியே வைத்து, மறுபடி ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொக்கோவும் பழமும் ஸ்கோபி இருக்கும் ஜாடிக்குள் போகவே கூடாது. கொக்கோப் பருப்பில் எடைக்குப் பாதியளவு கொழுப்பு. அது மேலே படலமாகப் பரவினால் ஸ்கோபிக்குக் காற்று கிடைக்காது. பழத்தோடு வரும் காட்டு ஈஸ்ட் ஒன்றிரண்டு ஈட்டிலேயே உறையின் குணத்தை மாற்றிவிடும். தாய் ஜாடியில் தேயிலையும் சர்க்கரையும் மட்டும் இருக்கட்டும்.

புளிப்பை எண்ணில் காட்டும் பி.எச். காகிதம் ஒரு கட்டு வாங்கி வையுங்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 1 முதல் 14 வரை காட்டும் பொதுக் காகிதம் இதற்குப் போதாது; 2.5-லிருந்து 4.5 வரையுள்ள எல்லையைச் சின்னச் சின்னப் படிகளாகக் காட்டுகிற ரகம் வேண்டும். உறை ஊற்றியவுடன் 4.5-க்குக் கீழேயும், குடிக்கும் பதத்தில் 2.8-க்கும் 3.3-க்கும் நடுவிலும் இருந்தால் சரி. 7 நாளாகியும் 4.2-க்குக் கீழே இறங்காத ஈட்டைக் கொட்டிவிட வேண்டும்.

"மேலே பூசணம் பூத்துருச்சுங்க"

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூசணம் காய்ந்திருக்கும். பஞ்சு மாதிரி மயிர் நிற்கும், வட்டமாகப் படரும், வெள்ளையில் தொடங்கிப் பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் மாறும். எப்போதும் மேற்பரப்பில்தான் இருக்கும். ஸ்கோபிக்கு அடியில் பழுப்பு நிறத்தில் நார் நாராகத் தொங்குவது ஈஸ்ட், அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. ஈரமாக, கஞ்சி ஆடை மாதிரி மெல்லிசாகச் சுருங்கிய வெள்ளைப் படலம் காம் ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் சுவையைக் கெடுக்கும். புது ஸ்கோபி உருவாகும்போது வரும் வழவழப்பான வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துப் பயந்து கொட்டுகிறவர்களும் உண்டு. தொட்டால் ஈரமும் வழுவழுப்பும் இருந்தால் அது ஸ்கோபி.

உண்மையிலேயே பூசணம் என்றால் பேச்சே இல்லை, ஸ்கோபி, உறை எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மேலே இருப்பதை மட்டும் வழித்துவிட்டு மீதியைக் குடிக்கக் கூடாது; அதன் நச்சு திரவத்துக்குள் இறங்கியிருக்கலாம். ஜாடியைச் சுடுநீரில் கழுவி, வினிகர் விட்டு அலசி, வெயிலில் காயவையுங்கள்.

ஏன் வந்தது? உறை குறைந்து ஆரம்பத்தில் பி.எச். 4.5-க்கு மேலே நின்றிருக்கும். அல்லது மார்கழி, தை மாதத்துக் குளிர். குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அப்போது புளிப்பு மெதுவாகத்தான் ஏறும், அந்த இடைவெளியில் பூசணம் இடம் பிடித்துவிடுகிறது. குளிர்காலத்தில் உறையை 600 மில்லியாகக் கூட்டுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜன்னல் ஓரத்தில் ஜாடியை வைக்க வேண்டாம். தூசி எல்லாம் மூடிய துணிமேல்தான் வந்து உட்காரும். ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) மூலையோ, அடுப்பின் ஆவி படாத அட்டாலியோ (பரணோ) நல்லது. அரிசி, மாட்டுத்தீவனம், வெங்காயம் அடுக்கிய அறையில் மட்டும் வேண்டாம்.

கொக்கோ ஊறும்போது மேலே மங்கலான வெண்படலம் மிதந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு. ஃபிரிட்ஜ் குளிரில் கொக்கோ வெண்ணெய் கட்டிப்படும். கரண்டி நுனியில் எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள், உருகி எண்ணெய் பிசுக்கு விட்டால் கவலையில்லை, வடிக்கும்போது துணியில் தங்கிவிடும்.

குட்டி ஈயும் புழுவும்

பழ ஈ துணியின் சின்ன இடைவெளியிலும் நுழையும். ஒரே நாளில் முட்டை புழுவாகிவிடும். கொசுவலைத் துணி, டீ வடிகட்டும் துணி இரண்டுமே போதாது. நெருக்கமாக நெய்த வேட்டித் துணியை இரண்டாக மடித்து இறுக்கமான ரப்பர் பேண்டால் கட்டுங்கள். புழு தெரிந்துவிட்டால் அந்த ஈடு முழுவதும் போனதுதான். ஈயைப் பிடிக்க ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் புளித்த கொம்புச்சாவும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி ஜாடியிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஈயை ஜாடிக்கே அழைத்து வந்தது போலாகும்.

7 நாளாச்சு, புளிக்கவே இல்லை

இதற்குத் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதில் இந்தச் சிக்கல் வராது. திருப்பூர், அவிநாசி, காங்கேயம், கரூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீரில் உப்பும் கார்பனேட்டும் அதிகம். உருவாகிற அமிலத்தை அந்தக் காரத்தன்மை கட்டிப்போட்டுவிடும். ருசி கொஞ்சம் மாறியிருக்கும், பி.எச். மட்டும் 4.5-லேயே நிற்கும். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தடிமனாகப் பிடிக்கிற வீடு என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை 10 நிமிடம் மூடாமல் கொதிக்கவிட்டால் குளோரின் போய்விடும்.

அடுத்தது சர்க்கரை. உடம்புக்கு நல்லது என்று கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைப் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. பலகாரத்துக்கு அதை அடிக்க ஆளில்லை, கொம்புச்சாவின் முதல் புளிப்புக்கு மட்டும் அது ஒத்துவராது. வெல்லம் காய்ச்சும்போது அழுக்கு நீக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். அதோடு தாது உப்புகளும் சேர்ந்து பி.எச். இறங்குவதைத் தாமதப்படுத்தும். திரவம் கலங்கும், ஈஸ்ட் பெருகும். தாய் ஜாடிக்கு வெள்ளைச் சர்க்கரை போடுங்கள். நாட்டுச்சர்க்கரையின் கருகிய இனிப்பு மணம் கொக்கோவோடு நன்றாகச் சேரும், அதனால் பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றினால் மணமும் சேரும், கேஸும் ஏறும்.

மூன்றாவது, சூடு ஆறாமல் உறை ஊற்றியிருக்கலாம். போசியின் (பாத்திரத்தின்) வெளிப்பக்கம் ஆறியிருந்தாலும் உள்ளே சூடு இருக்கும். தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தெர்மாமீட்டர் போடுங்கள். ஏலக்காய், எண்ணெய் மணம் ஏற்றிய தேயிலையும் ஸ்கோபியை மந்தமாக்கும்.

7 நாளுக்குள் கண்டுபிடித்துவிட்டால் இன்னும் 200 மில்லி நல்ல புளித்த உறையை ஊற்றி, 26 முதல் 29 டிகிரி இருக்கும் இடத்துக்கு ஜாடியை மாற்றிப் பாருங்கள்.

நாலே நாளில் வினிகர் ஆயிருச்சு

பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர், நாமக்கல் வீடுகளுக்குள் 33, 35 டிகிரி சாதாரணம். 27 டிகிரியில் 8 நாள் எடுப்பது அங்கே நாலு, ஐந்து நாளில் முடிந்துவிடும். புளிப்பு வேகமாக வருகிறதே என்று உறையைக் குறைக்காதீர்கள், குறைத்தால் பூசணத்துக்கு வழி திறந்துவிடுவீர்கள். நாளைத்தான் குறைக்க வேண்டும். கோடையில் மூன்றாம் நாளிலிருந்தே தினமும் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள். இனிப்பு இன்னும் லேசாகத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கொக்கோவின் கசப்பை மூடுவதற்கு அந்த மிச்ச இனிப்பு தேவை. முழுக்கப் புளித்த கொம்புச்சாவில் எவ்வளவு நல்ல கொக்கோவைப் போட்டாலும் சாக்லெட் என்று நாக்கு ஒத்துக்கொள்ளாது.

சூட்டைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி ஜாடியை நடுவில் வையுங்கள். நனைத்த பருத்தித் துண்டை ஜாடியைச் சுற்றிக் கட்டி, அதன் நுனி தண்ணீரில் மூழ்கும்படி விடுங்கள். காற்று வறண்டிருக்கிற கோடையில் 3, 4 டிகிரி குறையும். ஐப்பசி மழையில் இது பலிக்காது, அப்போது தேவையும் இருக்காது. ஈரத்துண்டு வாயில் கட்டிய துணியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரம் ஏறினால் துணியே பூசணம் பிடிக்கும்.

வினிகராகிவிட்டதைக் கொட்ட வேண்டாம். அடுத்த ஈட்டுக்கு அதைவிட நல்ல உறை கிடையாது.

கள்ளு வாசம், நெய்ல் பாலிஷ் வாசம், அழுகின முட்டை வாசம்

மூன்றுக்கும் ஈஸ்ட்தான் காரணம், ஆனால் மருந்து வேறு வேறு.

கள்ளு வாசம் வந்தால் ஈஸ்ட் பெருகி ஆல்கஹால் கூடியிருக்கிறது என்று பொருள். உறையை ஜாடியின் அடியிலிருந்து எடுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும், ஈஸ்ட் அடியில்தானே படிகிறது. உறையை எப்போதும் மேலிருந்து எடுங்கள். ஏற்கெனவே ஈஸ்ட் மிகுந்துவிட்ட உறை என்றால் வெள்ளைத் துணியில் வடித்து, அடிவண்டலை நீக்கி, ஸ்கோபியை அந்தக் கொம்புச்சாவிலேயே அலசி, அடுத்த இரண்டு மூன்று ஈட்டை 26 டிகிரிக்குள் வையுங்கள். தானாகச் சரியாகும். பாட்டிலில் அடைத்த பிறகு காற்றில்லாததால் ஆல்கஹால் இன்னும் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. 0.5 சதவீதத்தைத் தாண்டினால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது மதுபானக் கணக்கில் வந்துவிடும். பழம் அதிகம், சூடு அதிகம், நாள் அதிகம் என்று மூன்றும் சேர்ந்தால் தாண்டத்தான் செய்யும். அதனால் சாற்றைச் சொன்ன அளவில் நிறுத்துங்கள், கேஸ் ஏறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

நெய்ல் பாலிஷ் வாசம் எத்தில் அசிட்டேட்டால் வருவது. ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் சேரும்போது உருவாகும். 32 டிகிரிக்கு மேல் வைத்த ஜாடிகளில் பார்க்கலாம். லேசாக இருந்தால் பழ மணம் போலவே தெரியும். மூக்கைக் குத்தினால் அந்த ஈடு குடிக்க லாயக்கில்லை, உறைக்கும் எடுக்காதீர்கள்.

அழுகின முட்டை வாசம் பயமுறுத்தும், ஆனால் மூன்றிலும் அதுதான் லேசான கோளாறு. பாட்டிலில் ஈஸ்டுக்குச் சத்துப் போதாதபோது கந்தக வாயு விடும். குளிரவைத்துத் திறந்து, கிளாஸுக்குக் கிளாஸ் இரண்டு முறை மாற்றி ஊற்றினால் போய்விடும். அடுத்த தடவை தேயிலையை 24 கிராமுக்குக் குறையாமல் போடுங்கள்.

சாக்லெட் மணமே வரலைங்க

ஆட்கள் அதிகம் மனம் விட்டுப்போவது இங்கேதான். பருப்பை இரட்டிப்பாக்குவார்கள், கசப்புதான் இரட்டிப்பாகும். கொக்கோவிடமே கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பத்துக் கொட்டையை எடுத்து நீளவாக்கில் கத்தியால் இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் வையுங்கள். உள்ளே பழுப்பு நிறமாக, மூளை மடிப்பு மாதிரி வெடிப்பு விட்டு, நகத்தால் அழுத்தினால் உதிர்ந்தால் அது சரியாக நொதித்த கொட்டை. கத்தரிப்பூ நிறம் என்றால் அரைகுறை நொதிப்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக, ரப்பர் மாதிரி வழவழவென்று வெட்டுப்பட்டால் நொதிக்கவே விடாமல் காயப்போட்டது. பழத்திலிருந்து எடுத்தவுடன் வெயிலில் கொட்டிவிட்ட கொட்டை இப்படித்தான் இருக்கும். சாக்லெட் மணத்துக்கு மூலப்பொருள் நொதிக்கும்போதுதான் பருப்புக்குள் உருவாகிறது, வறுக்கும்போது அது மணமாக மாறுகிறது. நொதிக்காத கொட்டையை எத்தனை வறுத்தாலும் சாக்லெட் வராது. பத்தில் மூன்றுக்கு மேல் சாம்பல் நிறம் என்றால் அந்தச் சரக்கு வேண்டாம். பெட்டியில் போட்டுக் கிளறிவிட்டு 5, 6 நாள் நொதிக்கவைத்த கொட்டை வேண்டும் என்று விவசாயியிடம் கேட்டே வாங்குங்கள்.

கொட்டை சரி என்றால் வறுவலைப் பாருங்கள். ஓவனில் 130 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். வாணலியில் என்றால் சிறு தீயில், கை எடுக்காமல், தோல் படபடவென்று வெடிக்கிற சத்தம் வந்து ஓய்கிறவரை. பிரவுனி வேகிற மணம் வந்தவுடன் இறக்கிவிட வேண்டும், அதைத் தாண்டிப் புகை மணம் வந்தால் கசப்புக் காபி மாதிரி ஆகிவிடும். ஆறியபின் உடைத்து, முறத்தில் புடைத்துத் தோலைப் பிரியுங்கள்.

அந்தத் தோலைத் தூக்கி எறியாதீர்கள். தோலில் கொழுப்பு குறைவு, மணம் தாராளம். லிட்டருக்கு 8 கிராம் வறுத்த தோலை 100 மில்லி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து வடித்து, ஆறியதும் பருப்பு ஊறிய கொம்புச்சாவோடு சேர்த்தால் மணம் தூக்கலாகத் தெரியும். மண் தரையில் காயவைத்த கொட்டையின் தோல் வேண்டாம், மண்ணும் மற்ற அழுக்கும் அதில்தான் ஒட்டியிருக்கும். பாயிலோ மேடைத் தட்டிலோ காய்ந்ததுதான் இதற்கு ஆகும்.

லிட்டருக்கு அரை விரல் நீளம் வெனிலாக் காயைப் பிளந்து பருப்போடு ஊறவிட்டால் இன்னொரு வித்தியாசம் தெரியும். சாக்லெட் என்று நாம் பழகிய மணத்தில் வெனிலாவுக்கும் பங்குண்டு, அது இல்லாத கொக்கோவை நாக்கு அடையாளம் காணத் தடுமாறும்.

கசக்குது, நாக்கை இழுத்துப் பிடிக்குது

கசப்பும் துவர்ப்பும் வேறு வேறு. கசப்பு கொக்கோவின் தியோபுரோமினிலிருந்தும் கருகிய வறுவலிலிருந்தும் வரும். ஊறும் நேரத்தை 36 மணியிலிருந்து 24-க்குக் குறையுங்கள். லிட்டருக்கு இரண்டு விரல் நுனி உப்பு போட்டால் கசப்பு அடங்கும்.

துவர்ப்பு தேயிலையும் கொக்கோவும் சேர்ந்து செய்கிற வேலை. வீட்டில் இருக்கிற டஸ்ட் டீயைப் போட்டிருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. டஸ்ட் வேகமாக இறங்கும், அதோடு துவர்ப்பும் கலங்கலும் இறங்கும். இலைத் தேயிலைக்கு மாறுங்கள், ஊறவைக்கும் நேரம் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

பருப்புக்குப் பதில் கொக்கோ பவுடர் போட்டால் அடியில் சேறு மாதிரி தங்கும், வடிகட்டவும் முடியாது. ஆல்கலி சேர்த்த கரும்பழுப்புப் பவுடர் இன்னும் மோசம், அது புளிப்பையே மழுங்கடித்துவிடும்.

எண்ணெய் வளையம்

பாட்டிலின் கழுத்தில் பிசுபிசுப்பான வளையம் படிந்தால் வடித்தது போதவில்லை. ஊறவைத்ததை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன், சில்லென்று இருக்கும்போதே வடியுங்கள். கொழுப்பு கட்டியாக இருக்கும்போதுதான் துணியில் பிடிபடும், அறைச்சூட்டுக்கு வந்துவிட்டால் ஒழுகி இறங்கிவிடும். பருப்பைப் பொடியாக அரைக்காமல் கடுகைவிடப் பெரிதாக நொறுக்கினாலே கொழுப்பு குறைவாக வெளிவரும். 

பழத்தைப் பொறுத்த கோளாறுகள்

கொக்கோவோடு சேருவதில் நாவல்பழமும் பன்னீர் திராட்சையும் முதலிடம். இரண்டும் நிறத்தை அமிலத்தில் நிறுத்திவைத்துக்கொள்ளும். நாவலைக் கொட்டை நீக்கி, சர்க்கரை சேர்க்காமல் பிழிந்து வடித்து ஊற்றுங்கள். அதற்கும் துவர்ப்பு உண்டு, 50 மில்லியைத் தாண்ட வேண்டாம். மாம்பழம் சுவையில் குறை சொல்ல முடியாதது, ஆனால் 100 கிராமில் சுமார் 14 கிராம் சர்க்கரை, கூடவே நார். பாட்டில் பொங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மல்கோவாவைக் கூழாக்கி, துணியில் பிழிந்து சாற்றை மட்டும் எடுங்கள்.

வாழைப்பழம் போட்டால் திரவம் கெட்டிப்படும். பழத்தின் பெக்டினால் வரும் கெட்டி லேசாக, ஒரே சீராக இருக்கும். ஸ்பூனில் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீண்டு இழுத்தால் வழவழப்பு உண்டாக்கும் பாக்டீரியா புகுந்திருக்கிறது, அந்தப் பாட்டில்களைக் கொட்டிவிட்டு, பாட்டில்களையும் மூடி வாஷரையும் சுடுநீரில் போட்டு எடுங்கள். பழத்துண்டு எதையும் பாட்டிலுக்குள் போட வேண்டாம். மேலே மிதந்து காற்றுப் பட்ட பக்கம் பூசணம் பிடிக்கும்.

கேஸ் ஏறலை

மூடி கசிகிறதா என்று முதலில் பாருங்கள். பாட்டிலைத் தண்ணீருக்குள் தலைகீழாக அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். மூடி சரி என்றால் ஈஸ்ட் போயிருக்கும். கொக்கோ ஊறும் 36 மணி நேரக் குளிரில் ஈஸ்ட் அடியில் படியும். தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றினால் வேலை செய்ய ஆள் இருக்காது. வடிப்பதற்கு முன் நன்றாகக் கலக்கிவிடுங்கள். துணிக்குப் பதில் காபி ஃபில்டர் காகிதத்தில் வடித்தாலும் இதே கதிதான். சரிசெய்ய, லிட்டருக்கு 30 மில்லி தாய் ஜாடியின் அடிவண்டலோடு கூடிய கொம்புச்சா ஊற்றி, மூடி, வெளியே வையுங்கள்.

பொங்குது, வெடிக்குது

இதைக் கவனமாகப் படியுங்கள், கண்ணாடி பாட்டில் விஷயம் இது.

1 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய அரை கிராம் கார்பன் டையாக்ஸைடு. லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை புளித்தாலே சோடாவை நெருங்கும் கேஸ் வந்துவிடும். நம் கொம்புச்சாவில் ஏற்கெனவே லிட்டருக்கு 30, 40 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கும், அதற்குமேல் பழச்சாறு வேறு. அதாவது பாட்டில் தானாக நிற்காது. அதை நிறுத்தக் குளிர் ஒன்றுதான் இருக்கிறது.

கிளிப் மூடி போட்ட, அழுத்தம் தாங்கும் தடித்த வட்டப் பாட்டில் மட்டும் வாங்குங்கள். அலங்காரச் சதுரப் பாட்டில், ஜூஸ் பாட்டில், ஜாம் பாட்டில் எதுவும் ஆகாது. மேலே 3 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாட்டில் அளவை மட்டும் கூல்டிரிங்க் பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள். அதை அமுக்கிப் பார்த்துத்தான் மற்றதை முடிவு செய்ய வேண்டும், விரல் உள்ளே போகாத அளவு கெட்டியாகிவிட்டால் எல்லாமே உடனே ஃபிரிட்ஜுக்கு. 27 டிகிரியில் இதற்கு 2, 3 நாள் ஆகும். சித்திரை வெயிலில் 24 மணி நேரத்துக்குள்ளேயே ஆகிவிடும். பாட்டில்களைத் துணி சுற்றி மூடி போட்ட பக்கெட்டிலோ பிளாஸ்டிக் கிரேட்டிலோ வையுங்கள், ஆட்கள் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்று சாயங்காலம் வரும் நாளில் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். முந்தின இரவே தண்ணீர் பாட்டில் இரண்டை உறையவைத்து அதே தட்டில் வைத்துவிட்டால் போதும்.

திறக்கும்போது பொங்கினால் எப்படிப் பொங்கியது என்று பாருங்கள். மூடியைத் தள்ளிக்கொண்டு சீறினால் அழுத்தம் மிகுதி, அடுத்த தடவை சாற்றையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். சத்தம் மிதமாக இருந்து, இரண்டு நொடி கழித்து அடியிலிருந்து நுரை எழும்பி வழிந்தால் அழுத்தம் சரிதான். கொக்கோத் தூளோ பழ நாரோ உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு துகளும் குமிழி பிறக்க இடம் கொடுக்கும். அதற்கு மருந்து இன்னொரு முறை வடிப்பது.

மிகுந்த அழுத்தம் என்று சந்தேகப்படும் பாட்டிலைக் குளிரவைக்காமல் திறக்கக் கூடாது. துணி சுற்றியபடியே 12 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, போசிக்குள் நிறுத்தி, கனத்த துண்டைப் போட்டு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள்.

இரும்பு வாசனை, உலோக ருசி

அலுமினியப் போசி, பித்தளை, ஈயம் பூசிய பாத்திரம் எதிலும் புளிக்கவைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும். பழைய ஊறுகாய் ஜாடியின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதுவும் வேண்டாம். கண்ணாடி ஜாடி வாங்கும்போது குழாய் வைத்ததாக இருந்தால் அந்தக் குழாய் குரோம் பூசியதா, நல்ல எவர்சில்வரா என்று பார்த்து வாங்குங்கள். டீ காய்ச்சவும் வடிக்கவும் எவர்சில்வர் தாராளமாகப் போதும்.

தாய் ஜாடியே கெட்டுப்போனால்

பூசணமோ புழுவோ வந்தால் மட்டும் உறையும் ஸ்கோபியும் சேர்ந்து போகும். மற்றபடி, வாசம் மாறிப்போன தாயை மீட்கலாம். மேலிருந்து 500 மில்லி வடித்து எடுத்து, 1 லிட்டர் புதுத் தேநீரும் 60 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் சேர்த்து, பழம், கொக்கோ எதுவும் இல்லாமல் 26 டிகிரியில் பி.எச். 3-க்கு வரும்வரை வையுங்கள். அதிலிருந்து மேலிருந்தே மறுபடி 500 மில்லி எடுத்து இன்னொரு முறை. இரண்டாம் சுற்றில் வாசம் சுத்தமானால் வழக்கமான ஈட்டுக்குப் போகலாம். நல்ல தாய் கையில் இருக்கும்போதே ஒரு சின்னப் பாட்டிலில் 300 மில்லி உறையையும் ஒரு துண்டு ஸ்கோபியையும் தனியே எடுத்து, துணி கட்டி, அறைச்சூட்டில் வேறொரு அறையில் வையுங்கள். மாதம் ஒரு முறை சர்க்கரைத் தேநீர் ஊற்றிவந்தால் போதும்.

வடித்த கொக்கோப் பருப்பும் தோலும் தோட்டத்து எருக்குழிக்குப் போகட்டும், ஆனால் மண் போட்டு மூடுங்கள். தியோபுரோமின் நாய்க்கு விஷம், சாக்லெட் வாசத்துக்கு நாய் கட்டாயம் வந்து கிளறும்.